மாத்திரையைக் கையோடு கொண்டுவரச் சொல்லும் தியான இல்லம்

தியானத்துக்கு எங்கே போகலாம் என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வரும். என்னோடு அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த நர்ஸ்கள் கேட்பார்கள், எங்கள் அன்பியத்துக்காரர்கள் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) கேட்பார்கள், வீட்டுக்காரர் குடியை விடவில்லை என்று தவிக்கும் பக்கத்துத் தெருப் பெண்கள் கேட்பார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒரே இடம். கடலூரிலிருந்து பாண்டி போகும் சாலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் வரும் கத்தோலிக்கத் தியான இல்லம். பெயரை எழுதாமல் விடுகிறேன். நிறைகளோடு குறைகளையும் எழுதப் போகிறேன், அங்கே சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள் மனம் நோகக் கூடாது.

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்காலத்தில் பெரும்பகுதி ஆண்கள் மெடிக்கல் வார்டில் போனது. கூட்டம் கூடும் எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் போவது முகத்து வியர்வை, மூச்சு வாங்கும் விதம், கால் வீக்கம் இதன் மேல்தான். ஜெபக் கூட்டத்திலும் அப்படித்தான். அதனால் இந்த மதிப்புரை மற்றவர்கள் எழுதுவதுபோல இருக்காது.

முதலில் அங்கே என்னென்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒருநாள் தியானம். மாதத்தில் ஒரு வெள்ளி இரவு முழு இரவு ஜெபம். அவ்வப்போது வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் தங்கும் தியானம், அதில் தம்பதியருக்கு என்று தனியாக ஒன்று, இளைஞர்களுக்கு என்று ஒன்று. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கூட்டம் இரண்டு மடங்கு. ஈஸ்டருக்குப் பிறகு வரும் விண்ணேற்றத் திருநாளுக்கும் பெந்தெகோஸ்தே திருநாளுக்கும் நடுவில் தூய ஆவியாருக்கு ஒன்பது நாள் நவநாள். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம், பாண்டி, வில்லியனூர் என்று பாண்டிச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

ஒருநாள் தியானத்தில் காலை ஒன்பதரைக்கு செபமாலை, பிறகு புகழ்ச்சி, இறைவார்த்தை, நடுவில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), மதியத்துக்கு முன் திருப்பலி (பூசை), சாப்பாடு, மூன்று மணிக்கு இறை இரக்கத்தின் ஜெபமாலை, அதன்பின் நற்கருணை (பூசையில் கிறிஸ்துவின் உடலாக வழங்கும் அப்பம்) ஆராதனையும் குணமளிக்கும் வழிபாடும். நான்கரைக்குள் முடித்து அனுப்பிவிடுகிறார்கள், தூரத்து ஊர்க்காரர்கள் இருட்டுவதற்குள் வீடு சேரலாம். இந்த வரிசை எல்லாத் தியான இல்லங்களிலும் ஏறக்குறைய இதுவேதான்.

இங்கே வேறு மாதிரி நடப்பது செபமாலை தொடங்குவதற்கு முன்பே. ஒரு சிஸ்டர் (கன்னியாஸ்திரி) மைக்கில் வந்து, "சுகர் மாத்திரை, பிபி மாத்திரை போடுறவங்க யாராவது வெறும் வயித்தோட வந்திருந்தா எழுந்து பின்னாடி போங்க, அங்க இட்லி இருக்கு. சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டுட்டு வாங்க, ஆண்டவர் உங்களுக்காகக் காத்திருப்பார்" என்று சொல்வார். சொல்லிவிட்டு நிற்பார். நாலைந்து பாட்டிமார் எழுந்து பின்னால் போகும் வரைக்கும் செபமாலை தொடங்காது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று வார்டில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். நம் வயதானவர்கள் பூசைக்குப் போவதென்றால் முதல் நாள் ராத்திரியோடு வாயைக் கட்டிவிடுவார்கள். அவர்கள் சின்ன வயதில் சட்டம் அப்படி இருந்தது. நள்ளிரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957-இல் அதை மூன்று மணி நேரமாகக் குறைத்தார், திருத்தந்தை ஆறாம் பவுல் 1964-இல் ஒரு மணி நேரமாக்கினார். இன்றைக்கு திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் எண் தெளிவாகவே சொல்கிறது. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை சாப்பிடலாம். தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பைக் கெடுக்காது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்கூடக் கட்டாயம் இல்லை. தவக்கால ஒருசந்திக்கும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு) வயது வரம்பு உண்டு, 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி 60-ஆவது வயது தொடங்கும்போது முடிந்துவிடுகிறது. அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எந்தச் சட்டமும் பட்டினி போடச் சொல்லவில்லை. ஆனால் இதைப் பீடத்திலிருந்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பாட்டி காலத்துப் பழக்கம் நர்ஸ் சொன்னால் மாறாது. சாமியாரோ (எங்கள் குருவானவர்) சிஸ்டரோ சொன்னால் மாறும்.

அந்த அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த இல்லத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். ஒரு முதல் சனிக்கிழமை, ஆராதனை நேரம். பாட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, எல்லாரும் கையைத் தூக்கி நின்றார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் மெல்லச் சாய்ந்து நாற்காலியோடு சரிந்தார். பக்கத்தில் நின்ற வாலண்டியர் பெண் "ஆவியில விழுந்துட்டார்" என்று அவரைச் சுற்றி இடம் விட்டு நின்று ஜெபிக்க ஆரம்பித்தாள். அவள் மேல் தப்பு இல்லை, அப்படிச் சரிகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள், அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போய் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சட்டைக் காலர் பிழிந்தால் சொட்டும்போல நனைந்திருந்தது, தோல் ஜில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின. "ஐயா, சுகர் இருக்கா?" என்று கேட்டதற்கு நாக்கு குழறியது. கூட வந்த மருமகள்தான் சொன்னாள், "காலையில மாத்திரை போட்டாரும்மா, பூசை வாங்கணும்னு சாப்பிடல, மத்தியானமும் ரெண்டு வாய்தான்." சமையலறையிலிருந்து சர்க்கரை போட்ட தண்ணீர் கேட்டேன். நல்லவேளை, முழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். பத்து நிமிஷத்தில் மருமகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அதற்குள் மேடையிலிருந்த ஃபாதர் பாட்டை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் உட்காரச் சொல்லி, தானே இறங்கி வந்துவிட்டார். பெரியவர் எழுந்து உட்கார்ந்த பிறகு மைக்கை வாங்கி, இது தாழ்சர்க்கரை, ஆவியின் செயல் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம், இங்கே இந்த நேரத்தில் ஒரு நர்ஸ் அம்மா இருந்ததுதான் ஆண்டவரின் செயல் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், உணர்ச்சி உச்சத்தில் நிற்கும்போது, அதை உடைத்து உண்மையைச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அடுத்த மாதம் போனபோது கூடத்தின் பின்பக்கம் ஒரு மேஜை. பிபி மெஷின், சுகர் பார்க்கும் மெஷின், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குளுக்கோஸ் பொடி, ஒரு குடம் தண்ணீர். பங்குகளில் இருக்கும் நர்ஸ்கள் முறை வைத்து உட்காருகிறோம். அந்த மேஜைக்கு ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வருகிறார். கடந்த கோடையில் தலைசுற்றி வந்த ஒரு அம்மாவுக்கு பிபி மேலே இருநூறைத் தொட்டு நின்றது, அவரை இல்லத்து வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

குணமளிக்கும் வழிபாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், அதனால் இதை நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு அறிவுரை வெளியிட்டது. அப்போது அதன் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னால் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவர். குணம் வேண்டி ஜெபிப்பது நல்லது, ஆனால் அதில் வெறிக்கூச்சலும் நாடகத்தனமும் பரபரப்பும் கூடாது. அந்த வழிபாட்டைத் திருப்பலிக்குள் கலக்கக் கூடாது. குணம் பெற்றதாக வரும் சாட்சியங்களை எளிமையாகவும் துல்லியமாகவும் சேகரித்து திருச்சபை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். இந்த இல்லத்தில் திருப்பலி தனியாக முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகுதான் குணமளிக்கும் வழிபாடு. சாட்சி சொல்ல வருகிறவர்களை ஃபாதர் முதலில் அலுவலக அறைக்கு அழைத்து உட்கார வைக்கிறார். வியாதி என்றால் பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட் இரண்டும் கேட்கிறார். இல்லையென்றால், "சந்தோஷம்மா, டாக்டரைப் பார்த்துட்டு அடுத்த மாசம் வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிடுகிறார். அதனால் மேடையில் வரும் சாட்சிகள் குறைவு. வருகிறவற்றில் வியாதியைவிட, பேச்சுவார்த்தை நின்று போன அண்ணன் தம்பி சேர்ந்தது, ஏலச்சீட்டுக் கடனில் விஷம் குடிக்கப் போனவர் மனம் மாறியது போன்றவைதான் அதிகம். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரான்சிலுள்ள லூர்து நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வில்லியனூர் மாதாவின் தாய்வீடு அது. அங்கே மருத்துவர்கள் குழு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆராய்கிறது. இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணமாதல்கள் பதிவாகியிருக்கின்றன. திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும். மாதா மேல் பக்தி இல்லாமலா அவ்வளவு நிதானம்? பக்தி இருப்பதால்தான் பொய் கலந்துவிடக் கூடாது என்ற அக்கறை.

இதற்கு நேர்மாறானதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். வேறு ஏதோ ஒரு கூட்டத்தில், வந்திருந்த போதகர் ஒருவர் "விசுவாசம் இருந்தா ஊசியைத் தூக்கி எறிங்க" என்று சொல்லியிருக்கிறார். நாற்பத்திச் சொச்சம் வயதுக்காரர், இன்சுலின் போடுகிறவர், அப்படியே நிறுத்திவிட்டார். எங்களிடம் வந்தபோது மூச்சு ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தது, வாயில் அழுகிய பழ வாசனை. இரண்டு நாள் போராடிப் பிழைத்தார். அவர் மனைவி, கடவுள் எங்களைக் கைவிட்டுட்டாரா சிஸ்டர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த இல்லத்தில் ஒரு பிரசங்கத்தில் ஃபாதர் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தபோது, அந்தப் பதில் பைபிளிலேயே இருந்தது தெரிந்தது. மருத்துவரை ஆண்டவரே படைத்தார், மருந்தை நிலத்திலிருந்து அவரே உண்டாக்கினார், அறிவுள்ளவன் அதைத் தள்ள மாட்டான். நோய் வந்தால் ஜெபம் செய், பாவத்தை விடு, மருத்துவருக்கும் இடம் கொடு, அவரும் உனக்கு வேண்டும். இவ்வளவையும் அந்த ஒரே அதிகாரம் சொல்கிறது. ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

நோயில்பூசுதல் அருட்சாதனத்தை இங்கே சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லாருக்கும் சேர்த்து வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் என்று சொன்னால்தான் புரியும், புரிந்ததும் பயந்துவிடுவார்கள். சாகப் போகிறவர்களுக்குத்தான் அது என்று நினைப்பு. வார்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், "சாமியாரைக் கூப்பிட்டா அப்பா பயந்துடுவார்" என்று வீட்டார் தள்ளிப் போட்டு, நினைவு போன பிறகு ஓடிப் போய்ப் பங்குத்தந்தையை அழைத்து வருவார்கள். இங்கே டயாலிசிஸ் செய்கிறவர்கள், பெரிய ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள், வயதால் தளர்ந்தவர்கள் எல்லாரையும் முன்வரிசையில் உட்கார வைத்து, நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கண் திறந்திருக்கும்போதே, ஆமென் சொல்ல வாய் இருக்கும்போதே இது கிடைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போகும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், போன் செய்து அந்த நாளைக் கேட்டு அழைத்துப் போங்கள்.

பாட்டைப் பற்றி. குழுவில் நல்ல குரல்கள் இருக்கின்றன. ஆனால் ஸ்பீக்கரை வைக்கும் அளவு சரியில்லை. தகரக் கூரைக் கூடம், பக்கத்துக்கு ஒரு பெரிய பாக்ஸ், கீபோர்டின் ரிதம் நெஞ்சில் இடிக்கிறது. காது கேட்கும் மெஷின் வைத்திருக்கும் பெரியவர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். கைக்குழந்தைகள் வீறிடுகின்றன. முழு இரவு ஜெபத்தன்று பத்து மணிக்கு மேல் வெளிப்பக்க ஸ்பீக்கரை நிறுத்திவிடுகிறார்கள், சட்டப்படியும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அது நியாயம். உள்ளேயும் பாதியாகக் குறைத்தால் ஜெபம் குறைந்துவிடாது. பலமுறை சொல்லியாகிவிட்டது, சவுண்ட் தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு பாட்டுக்குக் குறைப்பார், மூன்றாவதில் பழையபடி ஏறிவிடும்.

அதே கூடத்தில் பாட்டெல்லாம் நின்று, நற்கருணை வைத்த கதிர்பாத்திரத்தைப் பீடத்தில் வைத்து, தூபம் போட்டு, அரை மணி நேரம் யாரும் பேசாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அதற்காகவே போகலாம். மின்விசிறிச் சத்தம், யாரோ ஒருவரின் இருமல், அவ்வளவுதான். கைதட்டிப் பாடி ஜெபிக்கும் அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் 1967-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து மாணவர்களின் ஒரு வார இறுதித் தியானத்தில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. மௌனத் தியானமோ அதற்கு நானூறு வருஷம் முந்தியது, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கு 1548-இலேயே திருத்தந்தை ஒப்புதல் கொடுத்துவிட்டார். கைதட்டிப் பாடுகிற கூட்டத்துக்கு மௌனம் தெரியாது, மௌனக்காரர்களுக்குக் கைதட்டல் பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த இல்லத்தில் இரண்டும் ஒரே நாளில் கிடைக்கிறது. புகழ்ச்சியில் மனசு திறந்து, மௌனத்தில் உள்ளே இறங்கும். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் வீட்டுக்குக் கூட வருகிறது.

பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியூர்ச் சாமியார்களையும் வரவழைக்கிறார்கள், தென்னை மர நிழலில் நாற்காலி போட்டு ஆளுக்கொரு பக்கம். சொந்தப் பங்கில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. வரிசை நீளம்தான், ஆனால் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. மதியப் பூசை தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்று கடைசி ஆள் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இல்லத்தின் உண்மையான பலம் எதுவென்று கேட்டால், பின்பக்கத்து இரண்டு சிறிய அறைகளைத்தான் காட்டுவேன். ஆற்றுப்படுத்தலுக்கான (கவுன்சிலிங்) அறைகள். ஒன்றில் ஒரு வயதான சிஸ்டர், இன்னொன்றில் பயிற்சி பெற்ற ஒரு கணவன் மனைவி. வெளியே பெஞ்சு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது இங்கேயும் மரங்கள் எல்லாம் போயின. அதற்குப் பிறகு வைத்த மாமரம் இப்போது அந்தப் பெஞ்சுக்கு நிழல் தருகிறது. பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த ஒரு மீனவக் குப்பத்து அம்மா, 2004 சுனாமியில் போன மகளைப் பற்றிப் பேசத்தான் இன்னமும் வருகிறேன் என்றார். வீட்டில் பேசினால் "இன்னுமா" என்று கேட்கிறார்களாம். இங்கே அந்த சிஸ்டர் அப்படிக் கேட்டதே இல்லையாம்.

நானும் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். கொரோனா வார்டில் பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். உடலைச் சுற்றிக் கட்டி, முகத்தைக் கூட வீட்டாருக்குக் காட்ட முடியாமல் அனுப்பிய நாட்கள். ஒரு பையன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "எங்கம்மா கழுத்துல ஜெபமாலை இருக்கா சிஸ்டர், அதை மட்டும் கழட்டாதீங்க" என்று சொன்னான். நான் கழற்றவில்லை. அதை நினைத்தால் தூக்கம் வராது. அந்த சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, வசனம் எதுவும் எடுக்கவில்லை. நான் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்த அம்மா பேர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. அன்றைய பூசையின் மன்றாட்டில் அந்தப் பெயரை வாசித்தார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு இப்போதெல்லாம் நான் அந்தப் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். புதுப்பித்தல் என்று பெரிய போஸ்டரில் போடுகிறார்களே, எனக்கு அது நடந்தது அந்தச் சின்ன அறையில்.

தங்கும் தியானத்துக்கு வருகிறேன். வெள்ளி இரவே போனை வாங்கி, பெயர் எழுதிய கவரில் போட்டு வைத்துவிடுவார்கள். அவசரத்துக்கு அலுவலக எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம். அறைக்கு நான்கு கட்டில், சுத்தமான விரிப்பு, கொசுவர்த்தி. இரண்டு இரவுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வாங்குவது பாண்டியில் சுமாரான லாட்ஜில் ஒரு இரவு வாடகைக்கும் குறைவு, அதையும் கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை. தம்பதியர் தியானத்தில் சனி இரவு ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும் ஒரு பகுதி உண்டு. வாயால் சொல்ல வராதவர்கள் பேப்பரில் எழுதிக் கொடுக்கலாம். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் போனார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள், அவர்களைத் தெரிந்தவர்களுக்கு அதுவே செய்தி.

சாப்பாடு எளிமையானது, வயிற்றைக் கெடுக்காதது. சோறு, சாம்பார், கூட்டு, மோர். தவக்காலத்தில் கஞ்சியும் துவையலும். நான்கு மணிக்கு டீயும் சுண்டலும். காரம் கம்மியாகப் போடச் சொல்லிக் கேட்டால் செய்து தருகிறார்கள். ஒருநாள் தியானத்துக்குச் சாப்பாடு இலவசம், காணிக்கைப் பெட்டி வாசலில் இருக்கிறது, அதன் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். ஊர்க்காரர்கள், வேண்டுதல்காரர்கள். யாரும் அவர்களை ஒரு மாதிரி பார்ப்பதில்லை, மதம் மாறச் சொல்லிப் பேசுவதும் இல்லை. நற்கருணை நேரத்தில் மட்டும், ஞானஸ்நானம் பெற்று புதுநன்மை வாங்கியவர்கள் வாங்கலாம், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வந்தால் ஆசீர் தருவோம் என்று இதமாக அறிவிக்கிறார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா ஆசீர் வாங்கத்தான் மாதாமாதம் வருகிறார்.

இன்னும் சில குறைகள். முடிந்து போகும் வழியில் ஜெபித்த எண்ணெய்க்கும் உப்புக்கும் ஒரு வரிசை, அதில் தள்ளுமுள்ளு தாங்க முடியாது, குழந்தைகளோடு போகிறவர்கள் ஒதுங்கி நில்லுங்கள். எண்ணெயைப் புண்ணில் தடவக் கூடாது என்று பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டினால் நல்லது. சர்க்கரைப் புண்ணில் அதைத் தடவிக்கொண்டு மேஜைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டட நிதிக்கான அறிவிப்பு நீளம், திருப்பலி முடிந்து இறுதி ஆசீருக்கு முன் கால் மணி நேரம் நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கிறது. கூடத்தில் பாதிக்கு மேல் பாய்தான், முட்டி வலிக்காரர்கள் ஒன்பது மணிக்குள் போனால்தான் நாற்காலி கிடைக்கும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, பாண்டி போகும் எக்ஸ்பிரஸ் அந்த நிறுத்தத்தில் நிற்காது, நின்று நின்று போகும் வண்டியில் ஏறுங்கள். முழு இரவு ஜெபத்துக்குப் போகிறவர்கள் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், மார்கழியில் கடல்காற்று எலும்பு வரை போகும். தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, டாக்டர் எழுதிய சீட்டு மூன்றும் பையில் இருக்கட்டும். பின்பக்கத்து மேஜையில் அந்தச் சீட்டைக் காட்டினால் எங்களுக்கு வேலை சுலபம்.

எல்லாக் குறைகளிலும் பெரியது பெண்கள் பக்கத்துக் கழிப்பறை. அத்தனை பெண்களுக்கும் ஒரே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், அதிலும் பிடித்து எழக் கம்பி இல்லை. மற்றதெல்லாம் உட்கார்ந்து எழ வேண்டியவை. வயதான அம்மாக்கள் அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, சித்திரை வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் இரண்டு வெஸ்டர்ன் டாய்லெட்டும், மூன்றுக்கும் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். கம்பிக்கான செலவை எங்கள் அன்பியம் ஏற்றுக்கொள்ளும் என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். பிளம்பர் வரும் நாளை அவர்கள் சொன்னால், எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று கூட நின்று காட்ட நானே போகிறேன்.